மரத்தின் ரேகையும் மேசையின் விரிசலும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையை நோக்கிச் சென்றால், மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடிகிற இடத்தில் செண்பகத்தோப்பு வருகிறது. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்கள் இவ்வழியாகத்தான் நடக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், ஓடைக்கரை மரங்களின் உச்சியில் சாம்பல் நிற மலை அணிலைக் காணலாம். அது தரைக்கு வர விரும்பாத பிராணி. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதனால் வாழ முடியும். இந்த அணிலுக்காகவே 1988ஆம் ஆண்டு இக்காடு சரணாலயம் ஆக்கப்பட்டது. 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே இந்தக் காட்டின் ஒரு சுள்ளியைக்கூட நாம் தொடப்போவதில்லை. பார்க்க மட்டுமே வந்திருக்கிறோம்.

நின்ற மரத்தில் நமக்குத் தெரிவது பட்டைதான். மருதின் பட்டை வழுவழுப்பாக வெளுத்திருக்கும். வேங்கையின் பட்டையில் கீறல் விழுந்தால் செந்நிறப் பிசின் வழியும். ஆனால் உள்ளே இருக்கும் கட்டை எந்த நிறம், அதில் என்ன ரேகை ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அதைக் காண வேண்டுமானால் மலையடிவாரத்திலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது அருகில் நின்று பாருங்கள். உத்திரமும் நிலையும் கதவும் தெருவில் கிடக்கும். புகையும் தூசியும் படிந்து கன்னங்கரேல் என்றிருக்கும் ஒரு பலகையில் இழைப்புளியை நான்கு முறை ஓட்டினால் போதும். பொன்னிறத் தேக்கு வெளிப்படும். அடுத்த துண்டில் ஓட்டினால் ஊதா கலந்த கரும்பழுப்பில் ஈட்டி மரம் வரலாம். தோதகத்தி என்றும் இதைச் சொல்வார்கள்.

இரண்டையும் சேர்த்து ஒரு மேசை செய்தால் எப்படி இருக்கும்? நடுவில் தேக்குப் பலகைகள், நாற்புறமும் ஈட்டிச் சட்டம், எல்லாம் பசை போட்டு இறுக்கி ஒட்டியது. கண்ணைப் பறிக்கும் மேசைதான். ஆனால் அடுத்த சித்திரையில் அதன் நடுவே நீளவாக்கில் ஒரு விரிசல் விழுந்திருக்கும். ஒட்டுப்பசையைக் குறை சொல்வார்கள். மரம் பச்சை என்பார்கள். நூறு ஆண்டுகள் வீட்டைத் தாங்கிய உத்திரம் எப்படிப் பச்சை மரமாக இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை, கண்ணுக்கு அழகாகத் தெரிகிற அதே ரேகையில்தான் இருக்கிறது.

ரேகை எங்கிருந்து வருகிறது?

தாவரவியல் வகுப்பில் நீங்கள் ஆண்டு வளையங்களைப் படித்திருப்பீர்கள். பட்டைக்கு உட்புறம் உள்ள கேம்பியம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய சைலம் அடுக்கைச் சேர்க்கிறது. தேக்கில் பருவத் தொடக்கத்தில் உண்டாகும் குழாய்கள் அகலமானவை; பிறகு வருபவை குறுகியவை. அதனால் அதன் வளையங்கள் தெளிவாகத் தெரியும். வெளிப்புறமுள்ள சாற்றுக்கட்டை நீரைக் கடத்துகிறது. உள்ளே உயிரிழந்த பகுதியில் டானின், பிசின், எண்ணெய், நிறப்பொருள்கள் ஆகியவை படிந்து வைரக்கட்டை ஆகிறது. வைரம் பாய்ந்தது என்று தச்சர்கள் சொல்வது இதைத்தான். ஈட்டியின் கருவரிகளும் கருங்காலியின் கருமையும் பலாவின் மஞ்சளும் இப்படிப் படிந்த பொருள்களின் வேலையே. பலா வைரத்தின் மஞ்சள், துணிக்குச் சாயமாகவே பயன்பட்டிருக்கிறது. பௌத்தத் துறவிகளின் ஆடைகளை அதில் தோய்த்தார்கள்.

இவை தவிர, எளிதில் கண்ணில் படாத ஓர் அமைப்பும் மரத்தில் உண்டு. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைப் போல, மையத்திலிருந்து பட்டையை நோக்கிக் கிடையாக ஓடும் செல் கூட்டங்கள் அவை. இவற்றைக் கதிர்கள் என்கிறோம். உணவைப் பக்கவாட்டில் கடத்துவதும் சேமிப்பதும் இவற்றின் வேலை. பெரும்பாலான மரங்களில் இவை மயிரிழை போன்றவை. சிலவற்றில் நாடா போல அகன்றிருக்கும்.

மரத்தை எந்தத் திசையில் அறுக்கிறோம் என்பதைப் பொறுத்து இவற்றில் எது தெரியும் என்பது மாறுகிறது. அடிமரத்தை ரொட்டித் துண்டு போடுவது போல ஒரே திசையில் அறுத்துக்கொண்டே போனால், பெரும்பாலான பலகைகளில் வளையங்கள் மலைமுகடு போலக் கூம்பு கூம்பாக விழும். இது பக்கவெட்டு. மையத்திலிருந்து பட்டைக்கு ஓடும் கோட்டின் வழியே அறுத்தால் வளையங்கள் நேர்க்கோடுகளாக நிற்கும். கதிர்கள் பட்டுத்துண்டு ஒட்டியது போலப் பளபளக்கும் திட்டுகளாகத் தெரியும். இது ஆரவெட்டு. இதில் பலகையின் அகலம் குறையும், சேதாரம் கூடும். ஆகையால் விலையும் கூடும். உங்கள் வீட்டு மேசையில் எது என்று அறிய, பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக இருந்தால் ஆரவெட்டு. படுத்துக் கிடந்தால் பக்கவெட்டு.

வேம்பிலும் வேங்கையிலும் இன்னொரு விந்தை உண்டு. அவற்றின் நார்கள் சில ஆண்டுகள் வலப்புறமாகச் சாய்ந்தும், பிறகு சில ஆண்டுகள் இடப்புறமாகச் சாய்ந்தும் வளர்கின்றன. ஆரவெட்டில் அறுத்த பலகையில் இது ஒளிப்பட்டையும் நிழற்பட்டையுமாக மாறி மாறித் தோன்றும். பலகையைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். ஒளிப்பட்டை இருந்த இடம் இருண்டு, இருண்ட இடம் ஒளிரும். இழைக்கிற ஆசாரிக்கு இது தலைவலி. எந்தப் பக்கமிருந்து இழைப்புளியை ஓட்டினாலும் பாதி நார்கள் எதிர்ப்பட்டுப் பிய்ந்துகொள்ளும். பொறுமையாகச் சுரண்டித்தான் வழவழப்பாக்க வேண்டும்.

மரம் மூச்சு விடுவதில்லை, தண்ணீர் குடிக்கிறது

மரம் மூச்சு விடுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் நடப்பது வேறு. செல்லின் உட்குழியில் உள்ள நீர் முதலில் வெளியேறுகிறது. அதனால் மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்சுவருக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது. காற்றில் ஈரம் கூடினால் அதே நீரை மீண்டும் உறிஞ்சி உப்புகிறது. மரம் எத்தனை நூற்றாண்டு பழையதானாலும் இந்தக் குணம் போவதில்லை. நூறாண்டு உத்திரமும் ஏன் அசைகிறது என்பது இப்போது விளங்கும்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அது அசைவதில்லை என்பதே இங்கு முக்கியம். செல்சுவரின் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. இடையில் புகும் நீர் அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறதே தவிர நீட்டுவதில்லை. எனவே நீளத்தில் மாற்றம் மிக அற்பம். ஆரத் திசையில், கதிர்கள் இழுத்துப் பிடிப்பதும் ஒரு காரணமாக, மாற்றம் குறைவு. வளையத்தின் போக்கில் அதிகம். முழு ஈர நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு ஆரத் திசையில் 2.5 சதவீதமும் வளையப் போக்கில் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. ஈட்டிக்கு இவை 2.7, 5.8.

இந்த எண்களை நமது ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டும்போது, இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. அந்த மாதங்களில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கோடையில் தாழ்ப்பாள் லொடலொடப்பதும் நீங்கள் அறிந்ததே. மேசைப் பலகையின் ஈரம் கோடையில் 9 சதவீதமும் மழைக்காலத்தில் 14 சதவீதமும் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. அகலமுள்ள பக்கவெட்டுத் தேக்குப் பலகை இந்த 5 சதவீத மாற்றத்தில் ஏறக்குறைய 6 மி.மீ. அசையும். ஆரவெட்டாக இருந்தால் இரண்டரை மி.மீ. மட்டுமே.

இனி அந்த உடைந்த மேசையைப் பாருங்கள். தேக்கின் அகலத்துக்குக் குறுக்கே இருப்பது ஈட்டிச் சட்டத்தின் நீளம். அகலம் 6 மி.மீ. சுருங்க விரும்புகிறது. நீளம் அசைய மறுக்கிறது. பசை இரண்டையும் விடாமல் பிடித்திருக்கிறது. யாராவது ஒருவர் தோற்க வேண்டும். பலகை தோற்று வெடிக்கிறது. கவனியுங்கள், இரண்டும் வேறு வேறு மரங்கள் என்பதால் இது நேரவில்லை. எண்களைப் பார்த்தால் தேக்கும் ஈட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மரங்கள். அருகருகே ஒரே திசையில் படுத்திருந்தால் பல தலைமுறைக்குச் சண்டையின்றி இருந்திருக்கும். திசைதான் முரண்பட்டது. அந்தச் சட்டமும் தேக்கிலேயே செய்திருந்தாலும் பலகை வெடித்திருக்கும்.

செதுக்கல் இல்லாத நாற்காலி

இந்த உண்மையை மறைக்காமல் வெளியே காட்டிய ஒரு பாணி அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. கலிபோர்னியாவில் ஸ்பானியப் பாதிரிமார்கள் கட்டிய மிஷன் ஆலயங்களின் நினைவாக மிஷன் பாணி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நேர்க்கோடுகள், தடித்த கால்கள், வரிசையாக நிற்கும் செங்குத்துச் சட்டங்கள். செதுக்கு வேலை கிடையாது. இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த குஸ்டாவ் ஸ்டிக்லி. 1901 முதல் 1916 வரை ‘தி கிராஃப்ட்ஸ்மன்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

அவர் விரும்பிய மரம் வெள்ளை ஓக். ஆரத் திசையில் 5.6, வளையப் போக்கில் 10.5 சதவீதம் சுருங்கும் மரம் அது. நமது தேக்கோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருமடங்கு. அதை அவர் ஆரவெட்டில் அறுத்தார். அசைவு பாதியாயிற்று, ஓக்கின் அகன்ற கதிர்கள் வெள்ளிச் சுடர்கள் போல முகப்பில் மின்னின. ஒரே வெட்டில் உறுதியும் அலங்காரமும் கிடைத்தன. பிறகு அம்மோனியா ஆவியில் வைத்தார்கள். ஓக்கில் உள்ள டானினோடு அது வினைபுரிந்து மரம் ஆழ்ந்த பழுப்பாயிற்று. இது சாயப் பூச்சல்ல, மரத்தின் உள்ளேயே நிகழும் இரசாயன மாற்றம்.

இங்கே ஒரு சிக்கல். சதுரக் கால் ஒன்றை எப்படி அறுத்தாலும் எதிரெதிரான இரண்டு முகங்கள்தான் ஆரவெட்டாக அமையும். மற்ற இரண்டில் கதிர்ச் சுடர் தெரியாது. குஸ்டாவின் தம்பிகளான லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் நான்கு ஆரவெட்டுப் பலகைகளை ஓரம் பொருத்தி ஒட்டி, நான்கு முகத்திலும் சுடர் விடும் கால்களைச் செய்தார்கள். குஸ்டாவோடு 1903இல் சில மாதங்கள் பணியாற்றிய ஹார்வி எல்லிஸ் என்பவர் ஓக்கில் வேறு நிற மரங்களையும் உலோகங்களையும் மெல்லிய கோலமாகப் பதித்தார். கலிபோர்னியாவின் கிரீன் சகோதரர்களோ, மகோகனிப் பலகைகளின் இணைப்புகளில் கருங்காலியால் ஆன சின்னஞ்சிறு சதுர முளைகளை வைத்து அழகு செய்தார்கள்.

முரண் நிறத்துக்குக் கருமரம் எவ்வளவு குறைவாகப் போதும் என்பதற்கு அந்த முளைகள் நல்ல உதாரணம். அதிகமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலி நகரத்து மேசைகள் புகழ்பெற்றவை. கருங்காலி, முதிரை, பலா, தென்னை என்று பல மரங்களைக் கதிர் கதிராகப் பதித்துச் செய்வார்கள். அவற்றில் மிக உயர்வாக மதிக்கப்பட்டது கலமாண்டர். கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த இது இலங்கைக்கே உரிய மரம். பழுப்பில் கருவரி ஓடும். அத்தீவில் அரசுச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலிலேயே, அளவின்றி வெட்டியதால் அது அரிதாகிவிட்டது என்று எழுதிவிட்டார். நமது ஈட்டியும் மெல்ல வளரும் மரம்தான். 2017 ஜனவரியிலிருந்து அதன் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்திருக்கிறது.

நாமே செய்தால்

ஓக் இல்லையே என்று ஏங்க வேண்டாம். தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் என்ற ஆஸ்திரேலிய மரம் உண்டல்லவா? பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் குடும்பமல்ல. அதன் அகன்ற கதிர்களைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். ஆரவெட்டில் அறுத்தால் சரிகைப் பின்னல் போன்ற ரேகை வரும். இதைப் பெட்டிப் பலகையாக்கி ஆணி அடிப்பது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது. கரையான் எளிதில் தாக்கும் என்பதால் வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். அதற்குக் கருமையான துணை வாகை. சாலையோர நிழல் மரமான இதன் வைரம் கரும்பழுப்பு. பூவரசும் ஆகும். அல்லது பழைய வீட்டு மரம். நாதஸ்வரம் செய்பவர்கள்கூடப் பழைய வீட்டு ஆச்சா உத்திரங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஈட்டி வேண்டுமென்றால் முறிந்த பழைய நாற்காலிக் கால் ஒன்று போதும். 4 செ.மீ. சதுரமும் 40 செ.மீ. நீளமும் உள்ள காலிலிருந்து 8 மி.மீ. தடிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட மர ஆணிகள் கிடைக்கும். ஒரு மேசைக்கு இருபது கூட வேண்டியிராது.

காலையும் குறுக்குச் சட்டத்தையும் துளையும் நாக்குமாக இணையுங்கள். மார்ட்டீஸ், டெனான் என்று பட்டறையில் சொல்வது இதையே. மர ஆணிக்கான ஓட்டையை நாக்கில் மட்டும் ஒரு மி.மீ. அளவு காலின் விளிம்பைப் பார்த்துத் தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்கச் சட்டத்தைக் காலோடு இழுத்து இறுக்கும். இரும்பாணி இங்கே வேண்டாம். டானின் மிகுந்த மரத்தில் இரும்பு பட்டால் ஈரத்தில் கருங்கறை படரும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆகிற அதே வினை.

மேல்பலகையைச் சட்டத்துக்குள் ஒட்டவே கூடாது. சட்டத்தின் உட்புறம் நீளவாக்கில் காடி எடுத்து, பலகையின் விளிம்பை அதற்குள் சும்மா நிற்க விடுங்கள். பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் இருக்கட்டும். கோடையில் செய்தால் இன்னும் கொஞ்சம். கார்த்திகையில் செய்தால் பலகை ஏற்கெனவே உப்பியிருக்கும், குறைத்துக்கொள்ளலாம். பலகையின் விளிம்புக்கு முன்பே எண்ணெய் பூசிவிடுங்கள். இல்லையேல் கோடையில் பூசாத வெள்ளைக் கோடு காடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஆடிப்பூரத்துக்குப் போகும்போது ஆண்டாள் தேரைச் சற்று அருகில் நின்று பாருங்கள். தேர்களில் சிற்பப் பலகைகள் தனித்தனியே செதுக்கிப் பொருத்தப்படுகின்றன. ஒன்றின் அசைவு மற்றதைப் பிளப்பதில்லை.

தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த அன்றே ஒட்டினால்தான் பசை பிடிக்கும். ஈட்டித் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் உறுத்தும், துணி கட்டிக்கொள்ளுங்கள். நிறங்களும் நிலையானவை அல்ல. வெயிலொளியில் ஈட்டியின் ஊதா மங்கிப் பழுப்பாகும். பலாவின் மஞ்சள் சில ஆண்டுகளில் செம்பழுப்பாகும். இன்று பலாவுக்குப் பக்கத்தில் செம்பழுப்பு மரத்தை வைத்து முரண் காட்டினால், உங்கள் பிள்ளைகள் அங்கே ஒரே நிறத்தைத்தான் பார்ப்பார்கள். மேசை செய்யுமுன் இரு துண்டுகளைப் பாதி மூடி மொட்டைமாடி வெயிலில் இரண்டு மாதம் வைத்துப் பார்ப்பது நல்லது.

மேசை செய்யாதவர்களுக்கும் ஒரு சோதனை. வீட்டில் பலகை பொருத்திய பழைய கதவு இருந்தால், பலகை சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் கூரிய பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதுங்கள். வர்ணம் பூசிப் பூசி இறுகிப்போன கதவு வேண்டாம். ஐப்பசியில் கோடு எங்கே இருக்கிறது, சித்திரையில் எங்கே இருக்கிறது என்று மி.மீ. அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலகையின் அகலமும் தெரிந்தால், அது பக்கவெட்டா ஆரவெட்டா என்பதை முனையைப் பார்க்காமலே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.